இருபது வருஷத்துக்கு மேல வேலை பாத்தா வர்றது பக்குவமா, மரத்துப் போறதா?

பழைய கீபோர்டு:
சாப்ட்வேர்ல 26 வருஷம் ஆச்சு. ஆரம்பத்துல சர்வர் விழுந்தா ராத்திரி ரெண்டு மணிக்கும் எந்திரிச்சு உக்காருவேன், என்னைக் கூப்பிடாம வேற யாராச்சும் சரி பண்ணிட்டா கோவம் கூட வரும். இப்ப போன் வந்தா "லாக் பாத்தியா, கடைசியா என்ன மாத்துன"ன்னு கேட்டுட்டு திரும்பிப் படுத்துடறேன், பாதி நேரம் அதுலயே சரியாகிடுது. டீம் பசங்க அக்கறை இல்லாத ஆளுன்னு பேசிக்கிறாங்களாம். நான் இத பக்குவம்னு தான் சொல்வேன்.

நைட் ஷிப்ட்:
அண்ணே தப்பா எடுத்துக்காதீங்க. உலக சுகாதார நிறுவனம் 2019ல பர்ன்அவுட்டுக்கு, அதாவது வேலை அழுத்தத்துல ஆளே ஓய்ஞ்சு போறதுக்கு, மூணு அடையாளம் சொல்லுச்சு, சோர்வு, வேலை ஓடாதது, அப்புறம் வேலைய விட்டு மனசு விலகிப் போறது. நீங்க சொல்றது அச்சு அசல் அந்த மூணாவது. எங்க சீனியர் ஒருத்தரும் எதச் சொன்னாலும் "இதெல்லாம் அப்பவே பாத்தாச்சு"ம்பார். ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்.

பழைய கீபோர்டு:
அதுலயே அது நோய் இல்லன்னும் போட்டிருக்கு தம்பி, அதையும் சேத்துப் படி. கேட்டல்னு ஒரு உளவியல்காரர் புத்திய ரெண்டா பிரிச்சார், புது சிக்கல டக்குன்னு அவுக்கிறது ஒண்ணு, அது வயசாக ஆக இறங்கும். சேத்து வச்ச அறிவு இன்னொண்ணு, அது ரொம்ப நாள் நிக்கும். நான் ரெண்டாவதுல ஓட்டுறேன், அவ்ளோ தான்.

பேரேடு:
ரெண்டு பேருமே வயசப் புடிச்சு தொங்குறீங்க. நான் அக்கவுண்ட்ஸ்ல 19 வருஷம். நல்லா வேலை பாக்குறவன மேல மேல ஏத்தி கடைசில அவனுக்கு வராத சீட்ல உக்கார வச்சுருவாங்கன்னு லாரன்ஸ் பீட்டர் 1969லயே சொன்னாரு, எனக்கு அப்படியே நடந்துச்சு. மேனேஜர் ஆனதும் லீவு அப்ரூவ் பண்றதும் மீட்டிங்கும் தான், ஞாயித்துக்கிழமை சாயங்காலமே வயித்தக் கலக்கும். கேட்டு வாங்கி பழைய சீட்டுக்கே இறங்கி வந்தேன் (வீட்ல ஒரு மாசம் பேச்சு வார்த்தை இல்ல). போன வாரம் ரெண்டு பக்கமும் ஒத்துப் போகாம கணக்குல 63 இடிச்சுது. வித்தியாசம் 9ஆல வகுபட்டா எங்கயோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம்னு எங்க ஆளுங்களுக்குத் தெரியும், ராத்திரி எட்டு வரைக்கும் தேடி 92ஐ 29ன்னு போட்டிருந்தத பிடிச்சப்ப அப்படி ஒரு சந்தோஷம்.

நைட் ஷிப்ட்:
பேரேடு சொல்றது ஒத்துக்கிறேன். கீபோர்டு அண்ணே, நீங்க யாரும் சொல்லாம இப்படி உக்காந்து கடைசியா எப்ப தேடுனீங்க?

பழைய கீபோர்டு:
நாலு வருஷம் இருக்கும். அதுக்காக நீ சொன்னது சரின்னு ஆயிடாது. அன்னைக்கு விடிய விடிய தேடிப் பிடிச்சது, நான் ரெண்டு மணிக்கு எந்திரிச்சு உக்காந்த காலத்துல தூக்கக் கலக்கத்துல நானே கோட்ல போட்ட தப்பு.