சிபாப் போட்டும் 36 வாரத்தில் ஆக்சிஜனை விட முடியாத குழந்தைகள்: எங்கே கோட்டை விடுகிறோம்?

வார்மர்ஓரம்:
26 முதல் 29 வாரத்துக்குள், 800–1,200 கிராம் எடையோடு பிறக்கும் குழந்தைகளைப் பற்றிய கேள்வி. முடிந்தவரை வெண்டிலேட்டர் இல்லாமல் பபுள் சிபாப்பில்தான் (மூக்கு வழியாக இடைவிடாத காற்றழுத்தம்; வெளிக்குழாய் மூழ்கும் நீரின் ஆழமே அழுத்தத்தின் அளவு) வைக்கிறோம். அப்படியும் சில குழந்தைகளுக்கு பிபிடி, அதாவது கர்ப்பக் கணக்கில் 36 வாரம் ஆகியும் ஆக்சிஜன் தேவைப்படும் நாள்பட்ட நுரையீரல் நோய், வந்துவிடுகிறது. நுரையீரல் பைகள் சுருங்காமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் மருந்தை எந்த அளவு ஆக்சிஜனில் கொடுக்க வேண்டும்? 50 சதவீதம் வரை பார்க்கலாம் என்கிறார்கள் சிலர். மூச்சைத் தூண்டும் காஃபீனின் அளவை ஆளுக்கு ஒன்றாக எழுதுகிறார்கள். ஸ்டீராய்டு விஷயத்தில் புடெசோனைடைச் சர்ஃபாக்டன்ட்டோடு கலக்கலாமா, ஹைட்ரோகார்ட்டிசோனா, எதுவுமே வேண்டாமா? எண்களோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

நுரைஈரல்தளிர்:
50 வரை காத்திருக்காதீர்கள். சிபாப் 6 செ.மீ. நீரழுத்தத்தில் இருந்தும் குழந்தைக்கு 30 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் தேவைப்பட்டால் அதுவே சர்ஃபாக்டன்ட்டுக்கான நேரம். ஐரோப்பிய வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது. 50 வரும்வரை விட்டால், சுருங்கிய பைகளை அந்தக் குழந்தை ஒவ்வொரு மூச்சிலும் புதிதாகத் திறந்தபடியே இருக்கிறது. காயம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. 26 வாரத்தில் காற்றறைகள் இன்னும் உருவாகவே இல்லை. அந்த வளர்ச்சி பாதியில் நிற்பதுதான் இன்றைய பிபிடி. 1967-இல் நார்த்வே விவரித்த, வெண்டிலேட்டரால் தழும்பேறிய நுரையீரலும் இதுவும் ஒன்றல்ல.

கொடுக்கும் முறையும் முக்கியம். ட்யூப் போட்டு, மருந்து விட்டு, ஆம்பு பையால் அமுக்கி, பிறகு எடுப்பதைவிட, குழந்தை தானாக மூச்சு விடும்போதே மெல்லிய கதீட்டர் வழியாக விடும் லிசா முறை நல்லது. 2021-இல் வந்த ஆப்டிமிஸ்ட் ஆய்வில் 25–28 வாரக் குழந்தைகளிடம் பிபிடி 45.3 சதவீதத்திலிருந்து 37.3-ஆகக் குறைந்தது. இறப்பையும் பிபிடியையும் சேர்த்துப் பார்த்த முதன்மைக் கணக்கில் வித்தியாசம் உறுதியாகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

போராக்டன்ட் வகை சர்ஃபாக்டன்ட் என்றால் கிலோவுக்கு 200 மி.கி., அதாவது 2.5 மி.லி. 900 கிராம் குழந்தைக்கு 2.25 மி.லி. மருந்துக் குப்பியைக் கையில் வைத்துச் சூடாக்குங்கள், குலுக்க வேண்டாம். கதீட்டர் குரல்நாணைத் தாண்டி 1.5 முதல் 2 செ.மீ. போனால் போதும். 2–3 நிமிடத்தில் சிறிது சிறிதாகத் தள்ளுங்கள். மூக்கிலிருந்து சிபாப்பை எடுக்கக் கூடாது. இதயத்துடிப்பு இறங்கினால் நிறுத்தி, ஏறியதும் தொடருங்கள். முடிந்ததும் வாய்வழியாக வயிற்றுக்குப் போகும் ஓஜி ட்யூபில் இழுத்துப் பாருங்கள். வெள்ளையாக வந்தால் மருந்து வயிற்றுக்குப் போயிருக்கிறது.

இதெல்லாம் பிரசவ அறையில் ஒழுங்காகத் தொடங்கிய குழந்தைக்குத்தான் பலிக்கும். தாய்க்கு பீட்டாமெத்தசோன் 12 மி.கி. 24 மணி இடைவெளியில் இரண்டு ஊசி, அல்லது டெக்ஸாமெத்தசோன் 6 மி.கி. 12 மணிக்கு ஒன்றாக நான்கு. பிறந்த உடனே பிளாஸ்டிக் உறை. டீ-பீஸ் கருவியில் பீப் (மூச்சு வெளியேறிய பிறகும் நுரையீரலில் நிற்கும் அழுத்தம்) 5–6. ஆக்சிஜன் 30 சதவீதத்தில் ஆரம்பித்து, 5-ஆம் நிமிடத்தில் சாச்சுரேஷன் (இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 80–85 வரும்படி ஏற்றி இறக்குங்கள். பீப் வால்வு இல்லாத ஆம்பு பையில் மூச்சு வெளியேறும்போது நுரையீரல் முழுக்கச் சுருங்கிவிடும். போதாததற்கு, அமுக்கும் கைக்கு ஏற்ப அழுத்தம் மாறும். முதல் சில பெரிய மூச்சுகளே காயப்படுத்தப் போதும்.

குமிழிசிஸ்டர்:
சிபாப் போட்டிருக்கிறது என்பதும் சிபாப் வேலை செய்கிறது என்பதும் வேறு வேறு. ஒவ்வொரு ரவுண்டிலும் முதலில் குமிழியைப் பாருங்கள். குமிழி நின்றால் அழுத்தம் எங்கோ கசிகிறது. உடனே ஃப்ளோவைக் கூட்டுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. 5–8 லிட்டரில் குமிழி வர வேண்டும். வராவிட்டால் மூக்கில் செருகும் பிராங்ஸ் சிறியதாக இருக்கும், வாய் திறந்திருக்கும், அல்லது எங்காவது இணைப்பு கழன்றிருக்கும். கசிவை அடைக்காமல் 10–12 லிட்டர் வைத்தால், வாய் மூடிய நேரத்தில் அழுத்தம் நீரின் ஆழத்தையும் தாண்டிப் போகும், வயிறும் உப்பும். வெளிமூச்சுக் குழாயில் தேங்கும் தண்ணீரும் அழுத்தத்தைக் கூட்டும். அதை வடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டிலில் நீர் மட்டமும் குறையும், கோடு வரை நிரப்புங்கள்.

பிராங்ஸ் மூக்குத்துவாரத்தை நிறைக்க வேண்டும், ஆனால் ஓரம் வெளுக்கக் கூடாது. நடுச்சுவரிலிருந்து 2 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். ஹைட்ரோகொலாய்டு ஒட்டு பாதுகாப்புதான், ஆனால் அதன் அடியில் சிவந்திருக்கிறதா என்று பார்க்காமல் விட்டால் புண் மறைந்தே வளரும். மூக்கு புண்ணானதும் சிபாப்பைச் சீக்கிரம் எடுத்துவிடுகிறோம், நுரையீரல் சுருங்குகிறது, ஆக்சிஜன் ஏறுகிறது. ஹ்யூமிடிஃபையர் 37 டிகிரியில் இருக்க வேண்டும். காய்ந்த காற்று சளியை உருண்டையாக்கி மூக்கை அடைத்துவிடும். ஓஜி ட்யூபின் வாய் திறந்தே இருக்கட்டும்.

ஆக்சிஜனைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சாச்சுரேஷன் இலக்கு 90–94 என்றால் அலாரம் 89-லும் 95-லும். மேல் அலாரத்தை அணைத்து வைப்பதுதான் நுரையீரலுக்கும் கண்ணுக்கும் கேடு. 21 சதவீதத்தில், அதாவது சாதாரணக் காற்றில் இருக்கும் குழந்தை 98 காட்டினால் பயமில்லை, அப்போது மட்டும் மேல் அலாரம் தேவையில்லை. சாச்சுரேஷன் விழுந்தால் முதலில் கழுத்தின் நிலை, பிராங்ஸ், மூக்கில் சளி. அதன் பிறகும் தேவைப்பட்டால் 5–10 சதவீதம் ஏற்றி, இறக்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். 60-க்கு ஏற்றிவிட்டு அடுத்த குழந்தையிடம் போய்விட்டால், திரும்பி வரும்போது அது 99-இல் இருக்கும்.

வார்மர்ஓரம்:
நன்றி சிஸ்டர். காற்றையும் ஆக்சிஜனையும் கலந்து தரும் பிளெண்டர் எல்லா படுக்கைக்கும் இல்லையே. காற்றும் ஆக்சிஜனும் தனித்தனி ஃப்ளோமீட்டரில் வந்தால்?

குமிழிசிஸ்டர்:
கணக்குப் போட்டு வார்மரில் ஒட்டி வையுங்கள். மொத்தம் 8 லிட்டர் என்று வைத்தால்: காற்று 7, ஆக்சிஜன் 1 என்றால் 31 சதவீதம். 6-க்கு 2 என்றால் 41. 5-க்கு 3 என்றால் 51. ஒன்றைக் கூட்டும்போது மற்றதைக் குறைக்க மறந்தால் ஃப்ளோவும் ஏறிவிடும், கவனம்.

அளவுச்சீட்டு:
காஃபீன் குழப்பம் மருந்தின் உப்பு வடிவத்தில் இருக்கிறது. காஃபீன் சிட்ரேட் 20 மி.கி. என்றால் அதில் காஃபீன் 10 மி.கி. மட்டுமே. 'காஃபீன்' என்று மொட்டையாக எழுதினால் பாதியோ இரட்டிப்போ போய்விடும். எப்போதும் சிட்ரேட் என்று சேர்த்து எழுதுங்கள். தொடக்க அளவு கிலோவுக்கு 20 மி.கி., 30 நிமிடத்தில் நரம்பில். 24 மணி கழித்துத் தினமும் 5 மி.கி., தேவைப்பட்டால் 10 வரை. 900 கிராமுக்குத் தொடக்கத்தில் 18 மி.கி., குப்பியில் மி.லி.க்கு 20 மி.கி. என்றால் 0.9 மி.லி. மூச்சு நிற்கும்வரை காத்திருக்க வேண்டாம், முதல் நாளிலேயே தொடங்கலாம். 2006-இன் கேப் ஆய்வில் பிபிடி 47 சதவீதத்திலிருந்து 36-ஆகக் குறைந்தது. பிபிடிக்கு இவ்வளவு தெளிவாகப் பலன் காட்டிய மருந்து மிகக் குறைவு. துடிப்பு 180-க்கு மேல் நீடித்தால் அடுத்த டோஸைத் தள்ளிப்போடுங்கள். 33–34 வாரத்தில் நிறுத்தினாலும் மருந்து உடலைவிட்டுப் போக நாளாகும். அதன் பிறகு 5–7 நாள் மானிட்டரில் வைத்திருந்து அனுப்புங்கள்.

புடெசோனைடைக் கலப்பது இப்போதைக்கு வேண்டாம். 2024-இல் வந்த பிளஸ் என்ற பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. ஹைட்ரோகார்ட்டிசோனுக்கு 2016-இன் பிரெமிலோக் ஆய்வு துணை நிற்கிறது: 28 வாரத்துக்குக் கீழ், முதல் நாளிலிருந்து கிலோவுக்கு 1 மி.கி. இரண்டாகப் பிரித்து 7 நாள், பிறகு 0.5 மி.கி. 3 நாள். பிபிடி இல்லாமல் பிழைத்தவர்கள் 51-லிருந்து 60 சதவீதம். இண்டோமெத்தசினோடு (இதயத்தருகே மூடாமல் இருக்கும் இரத்தக்குழாயை மூடும் மருந்து) சேர்த்துக் கொடுத்தால் குடல் ஓட்டை விழும் ஆபத்து உண்டு, இதில் சமரசமே கூடாது.

டெக்ஸாமெத்தசோன் முதல் வாரத்தில் கூடாது, மூளைவாதத்தின் ஆபத்து கூடுகிறது. முதல் வாரம் கடந்தும் வெண்டிலேட்டரை விட முடியாத குழந்தைக்கு மட்டும் டார்ட் ஆய்வின் அளவு: கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.15 மி.கி. 3 நாள், 0.10 3 நாள், 0.05 2 நாள், 0.02 2 நாள். மொத்தம் 0.89.

நுரைஈரல்தளிர்:
வெண்டிலேட்டரில் போட வேண்டி வந்தால் அழுத்தத்தை நிர்ணயிக்காமல் கனஅளவை நிர்ணயிக்கும் முறையில் வையுங்கள், கிலோவுக்கு 4–6 மி.லி. சர்ஃபாக்டன்ட் கொடுத்த அரை மணியில் நுரையீரல் இளகிவிடும். அழுத்தம் பழைய அளவிலேயே நின்றால் அதே அழுத்தம் இரண்டு மடங்கு காற்றைத் தள்ளும். இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு 45–55 இருக்கட்டும், 40-க்குக் கொண்டுவரத் துரத்த வேண்டாம்.

திரவம் முதல் நாள் கிலோவுக்கு 70–80 மி.லி. அளவில் தொடங்கி, எடையும் சோடியமும் பார்த்துக் கூட்டுங்கள். தாய்ப்பால், சிபாப்போடேயே கங்காரு பராமரிப்பு, கைகழுவுதல். கிருமித்தொற்று ஒன்று வந்தால் மேலே சொன்ன ஆதாயம் பாதி போய்விடும். வைட்டமின் ஏ 5,000 யூனிட் வாரம் மூன்று ஊசி, 4 வாரம். பலன் உண்டு, ஆனால் சிறியது.

கடைசியாக, 36 வாரத்தில் ஆக்சிஜனில் இருக்கும் எல்லாக் குழந்தைக்கும் அது தேவைப்படுகிறதா என்று சோதியுங்கள். 30 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்களுக்குப் படிப்படியாக 21 வரை இறக்கி, 30 நிமிடம் பாருங்கள். சாச்சுரேஷன் 90-க்குக் கீழே 5 நிமிடம் நீடித்தாலோ 80-க்குக் கீழே 15 விநாடி போனாலோ நிறுத்துங்கள். தாங்கிவிட்டால் அந்தக் குழந்தைக்கு பிபிடி என்று எழுத வேண்டியதில்லை, ஆக்சிஜனையும் எடுத்துவிடலாம்.