செம்மறிப் பாலை 65 டிகிரியில் சூடாக்கி சீஸ் செய்தால் போதுமா?

மேய்ச்சல்வெளி:
பெக்கொரினோ ரொமானோ (இத்தாலியின் கெட்டியான செம்மறிப் பால் சீஸ்) முறையில், முழுக்கச் செம்மறிப் பாலில், 100 லிட்டர் இரட்டைச்சுவர்த் தொட்டியில் சீஸ் செய்யத் திட்டம். இத்தாலிய விதி, விரும்பினால் பாலை அதிகபட்சம் 68 டிகிரி வரை, 15 விநாடிக்கு மிகாமல் சூடாக்க (தெர்மைசேஷன்) அனுமதிக்கிறது. பாஸ்ச்சரைசேஷனுக்காக 63 டிகிரியில் 30 நிமிடம் வைத்தால் சுவை தட்டையாகிவிடும் என்கிறார்கள். 65-இல் நிறுத்திக்கொள்ளலாமா? பால் இரண்டு நாள் சேர்த்து, 4 டிகிரியில் வைத்திருந்து வரும்.

உறைமோர்:
தொட்டியில் 15 விநாடி என்பதே நடக்காத காரியம். பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் பால் மெல்லிய படலமாக ஓடும்போதுதான் அந்தக் கணக்கு செல்லும். 100 லிட்டரைச் சூடேற்றவே அரை மணிக்கு மேல் ஆகும், இறக்கவும் அதே பாடு. அந்த நேரத்தில் 20 முதல் 45 டிகிரிக்குள் பால் கிடப்பது கிருமிக்கு விருந்து. உங்கள் 65 விதிப்படியான தெர்மைசேஷனும் இல்லை, பாஸ்ச்சரைசேஷனும் இல்லை.

தொட்டிதான் என்றால் முழு பாஸ்ச்சரைசேஷனே செய்யுங்கள். பசும்பாலுக்கான 63 டிகிரியை அப்படியே எடுக்க வேண்டாம். செம்மறிப் பாலில் மொத்தத் திடப்பொருள் 18 சதவீதத்தை ஒட்டியோ மேலோ இருக்கும். கொழுப்பும் புரதமும் கிருமிக்குக் கவசம். திடப்பொருள் 18 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள பால்பொருளுக்கு 3 டிகிரி கூட்டச் சொல்கிறது அமெரிக்க விதி. ஆகவே 66 டிகிரி, 30 நிமிடம். மூடி போட்டு, கிளறிக்கொண்டே. நுரை தங்கினால் அது பாலைவிடக் குளிர்ந்தே நிற்கும். அதனால் பாலுக்கு மேலுள்ள காற்றும் 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும், அதற்குத் தனி வெப்பமானி வையுங்கள்.

சுவைக்கு அவ்வளவு பயம் வேண்டாம். ரொமானோவின் காரம் பெரும்பாலும் ஆட்டுக்குட்டி ரென்னட் பசையிலுள்ள (பாலை உறையவைக்கும் பசை) லைபேஸிலிருந்து, அதாவது கொழுப்பை உடைக்கும் நொதியிலிருந்து, வருவது. அதைப் பால் 38–40 டிகிரிக்கு இறங்கிய பிறகுதான் சேர்க்கிறோம். பச்சைப்பாலின் குணமே வேண்டும் என்றால் அது ஃபியோரே சார்தோ, வேறு சீஸ்.

கல்ச்சர்அறை:
தெர்மைசேஷன் வந்ததே குளிரில் வளரும் கெடுக்கும் கிருமிகளைக் குறைத்துப் பாலைக் கூடுதலாக வைத்திருக்கத்தான். லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமியை முழுதாக முடிக்க அதை நம்பக்கூடாது. அதுவோ 4 டிகிரியிலும் மெல்லப் பெருகும். இரண்டு நாள் சேர்த்த பாலில் எனக்கு அதுதான் முதல் உறுத்தல்.

அடுத்தது ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், செம்மறி மடிநோயில் அடிக்கடி தென்படுவது. கிருமி வெப்பத்தில் சாகும். ஏற்கெனவே பாலில் விட்டுவைத்த நச்சு கொதிக்க வைத்தாலும் போகாது. எனவே கறந்த உடனே குளிர்விப்பதும், மடிநோய் ஆட்டின் பாலைத் தனியே ஒதுக்குவதும் எந்த வெப்பத்தையும்விட முக்கியம். ஐரோப்பிய விதியில், பாஸ்ச்சரைசேஷனுக்குக் குறைவாகச் சூடாக்கிய பாலின் சீஸுக்கு இந்த வகைக் கிருமியின் எண்ணிக்கை 5 மாதிரிகளில் 2-இல் மட்டுமே கிராமுக்கு 100-ஐத் தாண்டலாம், எதுவும் 1,000-ஐத் தாண்டக்கூடாது. பச்சைப்பால் சீஸுக்கு அதே அளவுகள் 10,000, 1,00,000. கிருமி உச்சத்தில் இருக்கும் முதல் சில நாட்களிலேயே மாதிரி எடுங்கள். ஐந்து மாதம் முதிர்ந்தபின் எண்ணிக்கை சுத்தமாகத் தெரியும், நச்சு உள்ளேயே கிடக்கும்.

மேய்ச்சல்வெளி:
நன்றி. பாஸ்பட்டேஸ் (பாஸ்ச்சரைசேஷன் சூட்டில் அழியும் பால் நொதி) சோதனையில் என்ன எதிர்பார்க்கலாம்? முதிரவிட்டாலே ஆபத்து போய்விடும் என்கிறார்களே, பால் உறைந்த கட்டியை வேறு 45–48 டிகிரி வரை சூடாக்குகிறோம்.

கல்ச்சர்அறை:
சரியான பாஸ்ச்சரைசேஷன் என்றால் நெகட்டிவ் வரவேண்டும். தெர்மைசேஷன் செய்த பாலில் பாசிட்டிவ் வருவதுதான் இயல்பு. 1992-இன் பழைய ஐரோப்பிய வரையறையே அப்படித்தான் இருந்தது.

உறைமோர்:
45–48 கிருமிக்கொல்லி அல்ல. கட்டியிலிருந்து தெளிநீரைப் பிழியத்தான். பச்சைப்பால் சீஸை 60 நாளாவது முதிரவிடச் சொல்லும் அமெரிக்க விதியை நம்பியும் பயனில்லை, ஈ.கோலை O157 என்ற நோய்க்கிருமி அதைத் தாண்டியும் சீஸில் பிழைத்ததுண்டு. முதல் நாள் புளிப்புதான் உங்கள் காவல். pH 24 மணிக்குள் 5.3-க்குக் கீழே போகவேண்டும். ஆறு மணி நேரமாகியும் அசையவே இல்லை என்றால் பாலில் ஆன்டிபயாடிக் மிச்சம் இருக்கலாம், அல்லது உறையிலுள்ள நல்ல பாக்டீரியாவை ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) தின்றிருக்கலாம். அந்த ஈடு விற்பனைக்கு வேண்டாம். முதிரவிட்டுப் பார்க்கலாம் என்று எடுத்தும் வைக்காதீர்கள். பிறகு, குழித்தீவனம் போடும் பண்ணைப் பால் என்றால் கிளாஸ்ட்ரிடியம் வித்துகளையும் கேட்டு வையுங்கள். 66 டிகிரி அவற்றை ஒன்றும் செய்யாது. மாதங்கள் கழித்து சீஸ் உருளை ஊதி வெடிக்கும்.