இறால் குளத்துல பங்கு சேரலாமா?

பாலக்கோட்டான்:
சீர்காழி பக்கம் திருமுல்லைவாசல்ல சொந்தக்காரர் ஒருத்தர் வனாமி இறால் வளக்கிறார். பக்கத்துல 3 ஏக்கர் குத்தகைக்கு வருதாம், பங்கு சேர்றியான்னு கேக்கறார். நான் இங்க தக்காளிய ரோட்டுல கொட்டிட்டு வர்றவன். அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

பென்னாகரத்தான்:
வேணாம் தம்பி. என் மாமனார் வீடு அந்தப் பக்கந்தான். வீட்டுக்குப் பின்னால நாலு வயல் தள்ளிக் குளம் வெட்டினாங்க. மூணாவது வருஷம் கைபம்புத் தண்ணில உப்பேறிப் பருப்பு வேகல. இப்ப டேங்கர் லாரிக்குக் குடத்த வரிசை போட்டு உக்காந்திருக்காங்க. தர்மபுரிப் பக்கம் ஃபுளோரைடு தண்ணி குடிச்சுப் பல்லுல கறையோட வளந்தவங்க நாம, நாமளே போய் இன்னொரு ஊரு தண்ணியக் கெடுக்கறதா?

ஓசூர் ரோஜா:
அண்ணா, உப்பு ஏறினதுக்குக் குளம் மட்டுமா காரணம்? கடைமடைக்குக் காவிரி ஒழுங்கா வர்றதில்ல. போர் போட்டு உறிஞ்சினா கடல் உள்ள வரத்தான் செய்யும். 2004 சுனாமி வேற. நான் வேதாரண்யம் பக்கம் ரெண்டு வருஷம் பண்ணை சூப்பர்வைசர். நாங்க வெட்டினது புல்லுகூட முளைக்காத உவர் நிலம். 2005 சட்டப்படி இதுக்குன்னு இருக்கிற கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்துல பதிவு பண்ணணும். அந்தச் சட்டம் வந்தப்பவே, உயர் அலைக் கோட்டுல (அலை அதிகபட்சமா ஏறி வர்ற எல்லை) இருந்து 200 மீட்டருக்குள்ள புதுப் பண்ணை போடக்கூடாதுன்னு வெச்சாங்க. கேக்க ஆளில்லாத தொழில் இல்ல இது.

பென்னாகரத்தான்:
சட்டக் கதைய முதல்ல இருந்து சொல்லுங்க. 1996 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம், பாரம்பரிய முறை தவிர கடலோர மண்டலத்துல இருக்கிற பண்ணைய எல்லாம் 1997 மார்ச் 31க்குள்ள இடிக்கச் சொல்லுச்சு. வழக்குப் போட்டவர் காந்தியவாதி ஜெகந்நாதன் ஐயா. அவரும் அவர் மனைவி கிருஷ்ணம்மாள் அம்மாவும் அந்தப் பக்கம் கூலிக்காரங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தவங்க. தீர்ப்பு முழுசா நடக்கல, சீராய்வு மனுன்னு இழுத்துக்கிட்டே போய் 2005ல புதுச் சட்டமே வந்துருச்சு. அத விடுங்க. வயல்னா நடவு, களையெடுப்புன்னு பொம்பளைங்களுக்கு வேலை. குளத்துக்கு ராத்திரிக் காவலுக்கு ரெண்டு ஆம்பளை போதும்.

காவேரிப்பட்டணம் மாங்கா:
சண்டைக்கு நடுவுல ஒரு சந்தேகம், 40 கவுண்ட் இறால் (கிலோவுக்கு 40 நிக்கிற அளவு) இப்ப கிலோ என்ன விலை?

ஓசூர் ரோஜா:
உரிக்கிற ஷெட்டுல பூராப் பொம்பளைங்கதான் அண்ணா, அந்த வேலைய ஏன் கணக்குல எடுக்கல? ஆனா பாலக்கோட்டுத் தம்பிக்கு ஒண்ணு சொல்லணும். ராத்திரி கரண்டு போய் ஜெனரேட்டரும் எடுக்கலைன்னா, தண்ணில காத்தக் கலக்கிற ஏரேட்டர் நின்ன கொஞ்ச நேரத்துல இறால் எல்லாம் மூச்சுக்குக் கரையோரமா ஒதுங்கும். டார்ச் அடிச்சா கண்ணு மட்டும் சிவப்பா மின்னும். போட்ட காசு அப்படியே போகும். ஒரு தடவை இறாலுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்துச்சு, அது வைரஸ். கிருமி சாகக் குளோரின் போட்டு, சில நாள் விட்டுத்தான் தண்ணிய வெளியேத்தணும். முதலாளி அன்னிக்கு ராத்திரியே வாய்க்கால்ல விடச் சொன்னார். மதகத் திறந்தது நான்தான்.

பென்னாகரத்தான்:
அந்த வாய்க்காலுக்குக் கீழ யாரு இருந்தா?

ஓசூர் ரோஜா:
இன்னும் மூணு பண்ணை. அப்புறம் மீன்பிடிக்கிற குப்பம்.

பாலக்கோட்டான்:
சொந்தக்காரருக்குப் போன் போட்டேன். குளத்துத் தண்ணிய எங்க விடறீங்கன்னா, "வாய்க்கால்லதான், வேற எங்க?"ன்னார். பதிவு நம்பர் கேட்டேன், அனுப்பறேன்னு சொல்லி நாலு நாளாச்சு.

ஓசூர் ரோஜா:
வந்தா எனக்குக் காட்டுங்க. அதுக்கு முன்னாடி அட்வான்ஸ் குடுத்துறாதீங்க.