பிரசவத்துல குழந்தைக்குப் பாதிப்பு: கேஸ் ஷீட்டை நம்பி வழக்குப் போடலாமா?

வைகைக்கரை:
குழந்தை அழாம பிறந்து, மூச்சுத்திணறல்னு மதுரை அரசு பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓட வச்சா அது தனியார் ஆஸ்பத்திரியோட தப்புதான். எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லைன்னு உச்ச நீதிமன்றமே 2010-ல கிஷன் ராவ் வழக்குல சொல்லிருச்சு. நேரா மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனுவைப் போடுங்க.

லேபர்வார்டு:
அண்ணே, அந்த வழக்கு மலேரியாவுக்கு டைபாய்டு வைத்தியம் பார்த்தது. அங்க தப்பு பளிச்சுன்னு தெரியும். குழந்தை அழாம பிறந்ததாலதான் வந்துச்சுன்னு சொல்ற மூளை வாதம் (மூளை பாதிச்சு கை கால் அசைவு முடங்குறது) அப்படியில்ல. பெரும்பாலான மூளை வாதம் பிரசவ மேசையில வர்றதே இல்ல. குறைமாதம், கர்ப்பத்துல தொற்று, மரபணுக் கோளாறுன்னு ஏகப்பட்ட காரணம். பிரசவ நேரத்துல ஆக்சிஜன் குறைஞ்சதுன்னு சொல்லணும்னா தொப்புள்கொடி ரத்தத்துல பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டுற அளவு) 7.0-க்குக் கீழ இருக்கணும், பிறந்த 5-வது, 10-வது நிமிஷத்துல ஆப்கார் (குழந்தையோட மூச்சு, துடிப்பு, அசைவுக்குப் போடுற மார்க்) 5-க்குக் கீழ இருக்கணும், மூளை எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் அதுக்கு ஒத்து வரணும்.

வைகைக்கரை:
சின்ன நர்சிங் ஹோம்ல எவன் கொடி ரத்தம் எடுக்குறான்? எடுக்காதது அவங்க தப்பு, அதுக்கு அபராதம் தாய் தகப்பனுக்கா?

கோர்ட்டு வாசல்:
ரெண்டு பேரும் கேஸ் ஷீட்டைத் திறக்கவே இல்லையே. எழுதிக் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும்னு 2002-ம் வருஷ மருத்துவ நெறிமுறை விதி இருக்கு. கைப்பட எழுதிக் கொடுத்து, நகல்ல தேதியோட கையெழுத்து வாங்குங்க. கையில வந்ததும் மொதல்ல பார்டோகிராம் தாள், அதாவது பிரசவம் எப்படிப் போகுதுன்னு நேரத்தோட குறிக்கிற தாளைப் பாருங்க. வலி நல்லா பிடிச்சப்புறம் குழந்தை இதயத்துடிப்பை அரை மணிக்கு ஒருக்காவது எழுதியிருக்கணும். முக்குற கட்டத்துல 5 நிமிஷத்துக்கு ஒருக்கா. தாள் முழுக்க ஒரே பேனா, ஒரே எழுத்து, 140, 140, 140-ன்னு இருந்தா பிரசவம் முடிஞ்சப்புறம் உட்கார்ந்து எழுதினதுன்னு குறுக்கு விசாரணையில வாதாடலாம். வலியைக் கூட்டுற ஆக்சிடோசின் டிரிப்ஸ் எப்ப ஏத்துனாங்க, சொட்டு எப்ப கூட்டுனாங்க? 10 நிமிஷத்துல 5 வலிக்கு மேல வந்தா சொட்டைக் குறைக்கணும் இல்ல நிறுத்தணும். அந்த வரி இருக்கா பாருங்க.

லேபர்வார்டு:
ராத்திரி ரெண்டு நர்ஸ், ஆறு தாய்மார்னா பதிவு விட்டுப்போகும். எழுதலைன்னா பார்க்கலைன்னு ஆயிருமா?

கோர்ட்டு வாசல்:
டாக்டரம்மா, ஆள் குறைச்சல்ங்கிறதும் ஆஸ்பத்திரி மேலதான் விழும். நர்ஸ் மாத்திப் போட்ட ஊசிக்கு ஆஸ்பத்திரியே பொறுப்புன்னு 1998-ல ஸ்பிரிங் மெடோஸ் ஆஸ்பத்திரி வழக்குலயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. குழந்தை மட்டுமில்ல, பெத்தவங்களும் நுகர்வோர்தான்னும் அதுலதான் வந்துச்சு.

செக்கானூரணி:
மேல்வயித்தை அமுக்கித் தள்ளுறாங்களே, அதுல கை தொங்கிப் போகுமா?

லேபர்வார்டு:
தலை வந்து தோள் மாட்டிக்கிட்டா மேல்வயித்தை அமுக்கவே கூடாது, தோள் இன்னும் இறுகிரும். தாயோட தொடையை மடக்கி வயித்தோட சேர்த்து, அடிவயித்துக்குக் கீழ இருக்கிற பூப்பெலும்புக்கு மேல அழுத்தணும். தலையைப் பிடிச்சு இழுத்தா கையை அசைக்கிற கழுத்து நரம்பு, சி5 சி6, இழுபட்டு அறுந்துகூடப் போகலாம், கை தொங்கிரும். இதுல மட்டும் ஆஸ்பத்திரி தப்புன்னு வைகைக்கரை சொல்றது பாதி சரி. ஆனா இழுக்காமலே, பிரசவ வலியோட வேகத்துலயும் சில குழந்தைக்கு அப்படி ஆகும்.

செக்கானூரணி:
கோடிக் கணக்குல கேட்டா சென்னைக்கு அலையணுமா?

கோர்ட்டு வாசல்:
இல்ல தம்பி. நீங்க கேட்கிற தொகை கணக்கில்ல, ஆஸ்பத்திரிக்குக் கட்டின பணம்தான் கணக்கு. அது 50 லட்சத்துக்குள்ள இருந்தா மாவட்ட ஆணையம். 5 லட்சத்துக்குள்ளன்னா மனுக் கட்டணமும் இல்ல. கெடு ரெண்டு வருஷம். பணமே வாங்காத அரசு ஆஸ்பத்திரின்னா 1995 உச்ச நீதிமன்ற வி.பி. சாந்தா தீர்ப்புப்படி ஆணையம் எடுக்காது. சிவில் கோர்ட்டு, இல்லைன்னா உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில ரிட் மனு.

வைகைக்கரை:
கேஸ் ஷீட்டையே மாத்தி எழுதிட்டா?

கோர்ட்டு வாசல்:
அவங்க கை போகாத தாளும் இருக்கு. 108-க்கு போன் பண்ணின நேரம், பெரியாஸ்பத்திரிப் பச்சிளங்குழந்தைப் பிரிவுல சேர்த்தப்ப எழுதின குறிப்பு. தகவல் உரிமைச் சட்டத்துல பெத்தவங்க கேட்டு வாங்கலாம். மூச்சுத்திணறலுக்கு அப்புறம் மூளைப் பாதிப்பைக் குறைக்க உடம்பைக் குளிர வைக்கிற குளிரூட்டும் சிகிச்சையைப் பிறந்து 6 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும். உசிலம்பட்டியில இருந்து மதுரை 40 கிலோமீட்டர்தான். எட்டு மணி நேரம் கழிச்சு அனுப்பியிருந்தா, பிரசவம் எப்படி நடந்திருந்தாலும் தாமதம் தனிக் குற்றச்சாட்டு.

லேபர்வார்டு:
வாங்குங்க. ஆனா அதே குறிப்புல முதல் வலிப்பு நாலாம் நாள்தான்னு இருந்தா பார்த்துக்கோங்க. பிரசவ மூச்சுத்திணறல்னா பெரும்பாலும் முதல் நாளே வந்துரும். அந்தத் தாளை எதிர்த்தரப்பு வக்கீல்தான் மொதல்ல படிப்பாரு.