கமிஷன் ஓவியங்கள்: இன்னும் மனத்தை உறுத்தும் ஓர் அனுபவம்

மைக்கூடு:
நாவலாசிரியர் ஒருவர் தம் நாவலின் நாயகியை அட்டைக்காகக் கணினியில் வரைந்துதரும்படி பணம் பேசிக் கேட்டிருந்தார்; இப்படி வரைவதைத்தான் கமிஷன் என்கிறோம். வீணை வாசிப்பவள், வலது மூக்கில் வைர மூக்குத்தி. ரஃப் எனும் முதல் வரைவு ஒப்புதலாகி, பாதித் தொகையும் வந்து, லைன் ஆர்ட் எனும் கோட்டோவியத்தை முடித்து வண்ணம் நிரப்பும் கட்டத்தில், திரையைப் பகிர்ந்தபடி அவருடன் பேசிக்கொண்டிருந்தேன். கண்கள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க, வழக்கம்போலப் படத்தை இடவலமாகத் திருப்பினேன். “அப்படியே விடுங்கள், இதுதான் அவள் முகம்” என்றார்.

அப்படியே விட்டால் வீணையின் குடம் அவளது இடப்பக்கம் போய்விடும். முந்தானை வலத்தோளுக்கு ஏறிவிடும். ஆகவே முகத்துக்குரிய லேயர்களை (ஒன்றன்மேல் ஒன்றாக வரையும் அடுக்குகளை) மட்டும் தொகுத்துத் திருப்பினேன். வெளிச்சம் எதிர்ப்பக்கத்திலிருந்து விழுவதாகிவிட்டதால், கீழுள்ள வண்ணத்தைக் கருமையாக்கும் மல்டிப்ளை லேயரில் போட்டிருந்த நிழலை அழித்துப் புதிதாகப் போட வேண்டியிருந்தது. கழுத்துக் கோடுகளும் மாறின. மெட்டுகளின் மேலிருந்த இடக்கையைப் பார்த்திருந்தவள் இப்போது மீட்டும் வலக்கையைப் பார்த்தாள். அதுவும் அழகாகவே இருந்தது. ஆனால் முக்கால் பக்கவாட்டு முகமாதலால், திரும்பியதும் வலது மூக்கு அப்புறம் மறைந்துவிட்டது. விளிம்பில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் வைத்தேன். இறுதிப் படத்தைப் பார்த்தவர் கேட்ட ஒரே கேள்வி, “மூக்குத்தி எங்கே?” இடது மூக்கில் வைக்கச் சொன்னார், வைத்துக் கொடுத்தேன். முதல் அத்தியாயத்தில் ‘வலது’ என்றே அச்சாகியிருக்கிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

கிளிப்பச்சை:
வாடிக்கையாளருக்குத் திரையைக் காட்டியதே வினை. ரஃப், வண்ணம், இறுதி என்று மூன்று இடங்களில் மட்டும் படத்தைக் காட்டினால் போதும். நான் படம் வாங்கியவன். சிறுவர் கதைக்காக வரையச் சொன்ன கிளி திரையில் பளீரென்று இருந்தது. அச்சிலோ பாசி படிந்ததுபோல் வந்தது. திரைக்கான ஆர்ஜிபி வண்ண முறையில் தெரியும் பளிச்சென்ற பச்சைகள் பல அச்சுக்கான சிஎம்ஒய்கே மையில் வருவதில்லை என்று அச்சகத்தார் சொன்னபோது, ஓவியருக்கும் எனக்கும் கணக்கு முடிந்திருந்தது. ஏ4 அளவு, 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), 2480க்கு 3508 பிக்சல் என்று அனைத்தையும் எழுதிக் கேட்டிருந்தேன்; வண்ண முறையை இருவருமே பேசவில்லை.

சட்டம்பேசி:
திரையைக் காட்டியதில் தவறில்லை, கிளிப்பச்சை அவர்களே. முகம் பிடித்திருப்பதை வண்ணக் கட்டத்திலேயே அறிவது இறுதியில் அறிவதைவிட மேல். நான் ஒருவருக்கு வரைந்து கொடுத்த வீரன், பின்னர் டி-ஷர்ட்டில் என் பெயரின்றி விற்கப்பட்டான். அதனால் சொல்கிறேன்: பதிப்புரிமை எப்போதும் வரைந்தவருக்கே என்று இங்கே பலர் நினைக்கிறீர்கள். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில் பணம் பெற்று வரைந்த ஓவியத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில், கேட்டவரையே முதல் உரிமையாளர் என்கிறது. கணினியில் வரைந்ததும் அதில் அடங்குமா என்று வாதிட இடமுண்டு. அந்த வாதத்தை நம்பி இருந்துவிடாதீர்கள். அட்டைக்கு மட்டுமா, பொருள்களுக்குமா, எத்தனை ஆண்டுகளுக்கு என்று அட்வான்ஸ் வாங்கும்போதே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உரிமை கைமாறிய பின்னும், படைத்தவர் தாமே என்று கோருவதற்கும், தம் பெயருக்கு ஊறு விளையும்படி படத்தைச் சிதைப்பதைத் தடுப்பதற்கும் 57ஆம் பிரிவு இடம் தருகிறது. எத்தனை திருத்தங்கள் இலவசம் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

மைக்கூடு:
உரிமையைப் பற்றி நான் கேட்கவே இல்லை, ஐயா. மூக்குத்தியைப் பற்றித்தான் கேட்டேன்.

தாழ்வாரம்:
முகத்தை இன்னும் சற்று நேராகத் திருப்பியிருந்தால் மூக்கின் இருபுறமும் தெரிந்திருக்கும். ஆனால் அவர் விரும்பிய முகம் அதுவாக இருந்திராது. நானாக இருந்தால் படத்தை இடது மூக்குத்தியோடு விட்டுவிட்டு, மறுபதிப்பில் ‘வலது’ என்ற சொல்லை எடுத்துவிடுமாறு ஆசிரியரைக் கேட்டிருப்பேன்.