கூண்டு விளைவா, கூண்டொருமையா?

நண்பர்களே,

நம் குடல் கட்டுரையில் வரும் cage effect என்பதற்குத் தமிழில் 'கூண்டு விளைவு' போதும் என்று இரண்டு பேர் சொல்லிவிட்டீர்கள். டாப்ளர் விளைவு, பசுமை இல்ல விளைவு என்று பழகிய தடம்தான், வாயிலும் எளிதாக வருகிறது, ஆனால் எனக்கு ஒப்பவில்லை. கூண்டு பாவம், என்ன செய்தது? ஐந்து சுண்டெலிகளை (தயவுசெய்து வெறும் 'எலி' வேண்டாம், அது வேறு விலங்கு) ஒன்றாக விட்டால் ஒன்றின் புழுக்கையை இன்னொன்று தின்னும். முன்னங்கால்களில் பிடித்துக்கொண்டு விதையைக் கொறிப்பதுபோலக் கொறிக்கும். இப்படியே சில வாரம் போனால் ஐந்தின் குடல் நுண்ணுயிர்த்தொகுதியும் (குடலில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டம்) ஏறக்குறைய ஒன்றுபோல ஆகிவிடும், பக்கத்துக் கூண்டு அதன் போக்கில் போயிருக்கும். நமக்குப் பெயர் வேண்டியது இந்த ஒன்றாகிப்போவதற்குத்தான்.

அதனால் என் பரிந்துரை: கூண்டொருமை. ஒன்றுபோல ஆதல் என்ற பொருளும் வருகிறது, இலக்கணத்து ஒருமை பன்மையும் சேர்ந்து வருகிறது, எனக்குப் பிடித்ததே அந்த இரண்டாவதுதான். மருந்து கொடுத்த ஐந்து ஒரு கூண்டில், கொடுக்காத ஐந்து இன்னொரு கூண்டில் என்று சோதனையை அமைத்தால், தாளில் பத்துச் சுண்டெலி, கணக்கில் இரண்டே கூண்டு. தெரியும் வேறுபாடு மருந்தால் வந்ததா கூண்டால் வந்ததா என்று பிறகு எந்தப் புள்ளியியலாலும் பிரிக்க முடியாது, ஏனென்றால் அங்கே சோதனை அலகு கூண்டு, சுண்டெலி அல்ல.

பத்து என்று எண்ணிவிடும் அந்தப் பிழைக்கு சூழலியலாளர் ஹர்ல்பர்ட் 1984இல் தம் துறையினருக்காக ஒரு பெயர் வைத்தார்: pseudoreplication. அதற்கு 'போலிப் படியெடுப்பு' என்று நம் கட்டுரையில் வந்திருக்கிறது. படியெடுத்தல் ஏற்கெனவே மரபியலில் (டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ உண்டாவதற்கு) மாட்டிக்கொண்ட சொல். போலிப்பன்மை என்றால் என்ன? கூண்டொருமையைக் கவனிக்காதவர் போலிப்பன்மையில் விழுவார். சரியாக உட்காருகிறதே.

ஒரு குறை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். வாங்கும் இடத்தைப் பொறுத்த வேறுபாடு இதில் அடங்காது. நோயெதிர்ப்பியலாளர் டான் லிட்மன் குழு 2009இல் காட்டியது அதைத்தான்: ஒரே வகைச் சுண்டெலி, ஆனால் வளர்த்து விற்கும் நிறுவனம் இரண்டு. டாக்கோனிக்கிலிருந்து வந்தவற்றின் குடலில் ஒருவகை இழை பாக்டீரியா இருந்தது, ஜாக்சனிலிருந்து வந்தவற்றில் இல்லை, அந்த ஒன்றாலேயே குடலின் டிஎச்17 செல்கள் (ஒருவகை நோயெதிர்ப்புச் செல்கள்) கூடிக் குறைந்தன. இதை 'மூல வேறுபாடு' என்று எழுதியவருக்கு ஒரு வேண்டுகோள், குடல் கட்டுரையில் மூலம் வேண்டாமே! வளர்ப்பிட வேறுபாடு என்று போடலாம்.

அப்புறம், ஒரே தாய் ஒரே பேற்றில் ஈன்ற குட்டிகளுக்கு 'உடன்பிறப்பு' போதாது, முந்தைய ஈற்றுக் குட்டியும் உடன்பிறப்புதானே. ஓரீற்றுக் குட்டிகள் என்போம்.

கட்டுரை நடையில் நிற்கிறதா என்று ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன்: "கூண்டொருமையைக் குறைக்க, சோதனைக்கு முன் எல்லாக் கூண்டுகளின் படுக்கைத் தூளையும் கலந்து திரும்பப் பகிர்ந்தோம், பகுப்பாய்வில் கூண்டையே அலகாகக் கொண்டோம்." எனக்கு இடறவில்லை. உங்களுக்கு?