தொலைக்கரைவு: ‘தொலைவு மூடுபனி’க்கு மாற்றாக ஒரு சொல்

வணக்கம்.

வீடியோ விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளான விளையாட்டு எஞ்சினின் மெனுக்களில் ‘டிஸ்டன்ஸ் ஃபாக்’ என்று ஒன்று வரும்; தூரத்துப் பொருள்களைப் பின்னணி நிறத்தோடு கலந்து காட்டும் வசதி அது. அதைத் தமிழில் ‘தொலைவு மூடுபனி’ என்றே வைத்துவிடலாம் எனச் சிலர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘பிரெத் ஆஃப் த வைல்ட்’ (2017) விளையாட்டில் நல்ல வெயிலில் ஒரு குன்றின்மேல் ஏறிப் பாருங்கள். மூடுபனியே இருக்காது. ஆனாலும் தூரத்து மலைகள் வெளிர்நீலமாகி வானத்தோடு ஒன்றிக் கிடக்கும்.

இது மறுமலர்ச்சிக் கால ஓவியர்கள் கையாண்ட உத்தி. நமக்கும் பொருளுக்கும் நடுவில் காற்று கூடக்கூட நீலம் ஏறும் என்று லியொனார்டோ டா வின்சி தம் குறிப்பேடுகளில் எழுதினார். ஐந்து மடங்கு தள்ளியிருக்கும் கட்டடத்தை ஐந்து மடங்கு நீலமாகத் தீட்டச் சொல்கிறார். மோனா லிசாவுக்குப் பின்னால் தெரியும் மலைகளைப் பார்த்தால் இது புரியும். இன்றைய நிரலும் ஒவ்வொரு படப்புள்ளியின் தூரத்தையும் பார்த்து, அதற்கேற்பப் பின்னணி நிறத்தைக் கலக்கிறது. அதில் நேர்விகிதத்தில் கலக்கும் வகை லியொனார்டோவின் மடங்குக் கணக்குக்கு மிகவும் நெருக்கம்.

‘சைலண்ட் ஹில்’ (1999) மட்டும் வேறு கதை. பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கருவியால் தூரத்தை வரைய முடியாததை மறைக்க உண்மையிலேயே மூடுபனியைப் பரப்பினார்கள். அது இந்த உத்தியின் ஒரு பயன், அவ்வளவுதான்.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘தொலைமங்கல்’ என்றால் லென்ஸ் மங்கலோடு குழம்பும். ‘மங்கலாக்கு’ என்று ஏற்கெனவே படத்தொகுப்பில் புழங்குகிறோம். தவிர, இங்கே விளிம்பு கூர்மையாகவே இருக்கலாம், நிறம்தான் மாறுகிறது. ‘தொலைநீலம்’ கேட்க அழகான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் அந்திக் காட்சியில் அந்த நிறம் செம்மஞ்சள், குகைக்குள் கறுப்பு.

என் பரிந்துரை ‘தொலைக்கரைவு’. ‘தொலைக்காட்சி’ போல நாவில் வரும், எந்த நிறத்துக்கும் பொருந்தும். கரைவு நிறம், கரைவு அடர்த்தி, கரைவு தொடங்கும் தூரம் என்று மெனு முழுக்க நீட்டலாம். லியொனார்டோ சொன்ன அந்த உத்திக்கு ஓவிய நூல்களில் உள்ள பெயரான ‘ஏரியல் பெர்ஸ்பெக்டிவ்’வுக்கும் இதையே வைத்தால், விளையாட்டு வடிவமைப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது.

‘ஸ்ஃபுமாட்டோ’ என்ற இன்னோர் ஓவிய உத்திக்கும் கரைவு வேண்டுமே என்று யாராவது கேட்கலாம். அது உருவத்தின் ஓரம் நிழலில் இளகுவது. அதை ‘விளிம்புக்கரைவு’ எனலாம்.

இடைமுகம் பார்ப்பவர்கள் மெனுவில் இடம் போதுமா என்று சொல்லுங்கள்.